துளையில்லாத பட்டன்

எங்கள் தெருவில் என் வீட்டுக்காரருக்கு ஊசி என்று பெயர், எனக்குக் கத்தரிக்கோல். துணி வெட்டுகிறவள் என்பதால் வந்த பெயர் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். என் வாயைப் பார்த்து வைத்த பெயர் என்று எதிர்க்கடை சாவிக்காரர் ஒருநாள் உளறித்தான் தெரியும். கோபம் வந்தது. ஆனால் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று எனக்கே பட்டதால் அவரை அன்றைக்குச் சும்மா விட்டுவிட்டேன்.

வீட்டின் முன்னறைதான் கடை. அளவெடுப்பது, வெட்டுவது, மிஷினில் ஓட்டுவது எல்லாம் என் பக்கம். பட்டன் நுழைகிற காஜா எடுப்பது, பட்டன் வைப்பது, ஓரம் மடித்துக் கைத்தையல் போடுவது, கடைசியில் இஸ்திரி போட்டு மடிப்பது அவர் பக்கம். இருபத்தாறு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. நான் ஒருநாள் பேசுவதை அவர் ஒரு மாதத்துக்கு வைத்துப் பேசுவார். சட்டையை முழுக்கத் தைப்பவள் நான். வாங்கிப் போகிறவர்கள் தடவித் தடவிப் பார்த்துச் சந்தோஷப்படுவது மட்டும் அவர் எடுத்த காஜாவை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும். அதைவிட அதிகமாகப் பெருமையாக இருக்கும். இரண்டையும் நான் அவரிடம் சொன்னதில்லை.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில், இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடியே அவர் அசையாமல் நின்றுவிட்டார். துணி கருகும் வாசனை வந்தது. மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, கண்ணை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று ஆரம்பித்தேன். திரும்பிப் பார்த்தால் நெற்றியெல்லாம் வியர்வை. மார்பில் கையை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருக்கிறார். சாவிக்காரர்தான் தன் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மாரடைப்பு என்றார்கள். இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாய் ஒன்று அடைத்துக்கொண்டிருந்ததைத் திறந்து, மறுபடி மூடிக்கொள்ளாமல் இருக்க உள்ளே கம்பி வலையில் செய்த சின்னக் குழாய் ஒன்றை வைத்தார்கள். அதற்கு ஸ்டென்ட் என்று பெயர். அவரிடம் நான் கடைசியாகப் பேசியது ஒரு திட்டு என்பதை நினைத்து நினைத்து அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் அழுதேன். இனிமேல் வாயை அடக்குவேன் என்று சத்தியம் செய்துகொண்டேன். அந்தச் சத்தியம் மூன்று வாரம் தாங்கியது.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு பை நிறைய மாத்திரை கொடுத்தார்கள். அதில் இரண்டை மட்டும் நர்ஸம்மா தனியாக எடுத்துக் காட்டினார். ஒன்று சின்னதாக வெள்ளை, இன்னொன்று வட்டமாக ரோஸ் நிறம். இரண்டும் ரத்தம் கட்டியாகாமல் பார்த்துக்கொள்கிறவை, குறைந்தது ஒரு வருஷத்துக்கு இரண்டையும் ஒருநாள்கூட விடக்கூடாது, நாங்கள் சொல்லாமல் யார் சொன்னாலும் நிறுத்தக்கூடாது என்றார். வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஏழு அறை உள்ள ஒரு டப்பா வாங்கி அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை நான் அதை நிரப்பி வைப்பேன். தினம் காலைச் சாப்பாடு முடிந்ததும் அவர் ஓர் அறையைத் திறந்து காலி செய்வார். சாயங்காலம் மகள் ஃபோன் செய்து, அப்பா மாத்திரை போட்டாச்சா என்று கேட்பாள். காலியான அறையைப் பார்த்துவிட்டு, போட்டாச்சு என்று நான் சொல்வேன்.

மருந்து வேலை செய்ததற்கு எங்கள் வீட்டில் ஒரு சாட்சி உண்டு, அவருடைய இடது ஆள்காட்டி விரல். கைத்தையல் போடுகிறவர்கள் வலது கை நடுவிரலில் இரும்புத் தொப்பி மாட்டிக்கொண்டு ஊசியைத் தள்ளுவார்கள். குத்து வாங்குவது அந்த விரல் இல்லை. துணிக்கு அடியிலிருந்து, ஊசி எங்கே வருகிறது என்று தொட்டுப் பார்க்கிற இடது விரல்தான் வாங்கும். அதற்குத் தொப்பி போட்டால் ஊசி வருவது தெரியாது. முன்பெல்லாம் குத்தினால் விரலை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு அடுத்த தையலுக்குப் போய்விடுவார். மாத்திரை ஆரம்பித்த பிறகு ஒரு சின்னக் குத்துக்குக்கூட ரத்தம் நிற்கப் பத்து நிமிஷம் பிடித்தது. கலர் துணியாக வந்துகொண்டிருந்தவரைக்கும் இதனால் தொந்தரவு இல்லை.

பிறகு வெள்ளைக் கோட்டு வந்தது. மருத்துவக் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு அறுபது கோட்டு. ஒவ்வொன்றுக்கும் ஐந்து பட்டன், ஐந்து காஜா, மூன்று பை, கீழே சுற்றிலும் கைத்தையல். இவ்வளவு பெரிய வேலை எங்களுக்கு வந்ததே இல்லை. கல்லூரி ஆபீஸ் அம்மாளிடம் நான்தான் முப்பது நாளில் முடித்துத் தருவதாக வாயைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்றாவது கோட்டிலேயே ஒரு புள்ளி. அதற்குத் தையல்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்று உண்டு. ஊசி குத்திய ஆளே ஒரு துண்டு வெள்ளை நூலை வாயில் போட்டு நன்றாக மென்று, எச்சிலோடு அந்தப் புள்ளியில் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். கறை காய்வதற்குள் செய்தால் இருந்த இடம் தெரியாது. தன் எச்சில்தான் தன் ரத்தத்தை எடுக்கும், அடுத்தவர் மென்று கொடுத்தால் போகாது என்பார் அவர். நான் மென்று கொடுத்துப் பார்த்ததில்லை, அதனால் எனக்குத் தெரியாது. மூன்றாவது கோட்டு தப்பியது, ஐந்தாவதும் தப்பியது.

எட்டாவது கோட்டில் அவர் குத்தியதைக் கவனிக்கவில்லை. காலர் முனையிலிருந்து மார்பு வரைக்கும் ஒரு கோடு இழுத்திருந்தது, அதுவும் காய்ந்து போய். அன்றைக்கு மிஷின் வேறு காலையிலிருந்து நூலை அறுத்துக்கொண்டே இருந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். கோட்டைத் தூக்கிப் பிடித்து, இதை டாக்டர் போடுவதா நோயாளி போடுவதா என்று கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கத்தரிக்கோல் பாதி வெட்டில் நிற்குமா?

"உங்களால எனக்கு ரெட்டை வேலை. முடியலைன்னா பேசாம உட்காருங்க. எல்லாத்தையும் நானே பாத்துக்கறேன்."

அவர் கோட்டை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, காலரைப் பிரிக்க ஆரம்பித்தார். அரைமணி நேரத்தில் என் கோபம் போய்விட்டது. தேநீர் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவர் வாங்கிக் குடித்தார். எங்கள் வீட்டில் மன்னிப்புக் கேட்பதும் மன்னிப்பதும் அவ்வளவுதான். அத்தோடு தீர்ந்தது என்று நினைத்தேன்.

நாலைந்து நாள் கழித்து ஒரு மாற்றம் தெரிந்தது. கோட்டுகள் சுத்தமாக வந்தன. இருபதாவது, இருபத்தைந்தாவது, முப்பதாவது, எதிலும் ஒரு பொட்டு கிடையாது. விரலில் குத்தியதை என் கண்ணாலேயே பார்த்தேன். பழையபடி வாயில் வைத்து எடுத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடம்பு தேறிவிட்டது, ரத்தம் ஊறிவிட்டது, எல்லாம் நான் பார்த்துப் பார்த்துப் போட்ட சாப்பாடு என்று மார்தட்டிக்கொண்டேன். மகளிடமும் அதையே சொன்னேன். அப்பா முன்ன மாதிரியே ஆயிட்டார், கோட்டைப் பார்த்தாலே தெரியுது என்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் அதைக் கேட்டுச் சிரித்தார்.

முப்பத்தெட்டுக் கோட்டு முடிந்திருந்த ஒரு மத்தியானம், சாவிக்காரர் தன் பேத்தியின் கவுனை எடுத்துக்கொண்டு வந்தார். முதுகில் ஒரு பட்டன் விழுந்துவிட்டது, சாயங்காலம் அதைத்தான் போடுவேன் என்று குழந்தை அடம் பிடிக்கிறதாம். ரோஸ் நிறப் பட்டன். என் வீட்டுக்காரர் இஸ்திரி மேஜையில் இருந்தார். பட்டன் அவர் வேலைதான் என்றாலும், இது ஒரு நிமிஷ வேலை, நானே வைத்துவிடலாம் என்று அவருடைய அலமாரியைத் திறந்து கலர் பட்டன் டப்பாவை எடுத்தேன். கையை விட்டுக் கிளறி, நிறம் ஒத்துப்போகிற ஒன்றைப் பொறுக்கி, துணிமேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, அடியிலிருந்து ஊசியை விட்டேன். ஊசி வெளியே வரவில்லை. மறுபடி விட்டேன். வழுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். பட்டனில் துளை இல்லை.

இது என்ன கூத்து, துளை போடாமலே விற்கிறார்களா என்றுதான் முதலில் நினைத்தேன். திருப்பிப் பார்த்தேன். விரலில் ரோஸ் நிறம் லேசாக ஒட்டியது. அப்புறம் டப்பாவைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகத் தேடினேன். துளையில்லாத பட்டன்கள் மொத்தம் பதினொன்று இருந்தன. ஞாயிற்றுக்கிழமைதோறும் என் கையால் ஏழு அறையிலும் ஒவ்வொன்றாகப் போடுகிற மாத்திரை, பட்டன்களுக்கு நடுவே சமர்த்தாகக் கிடந்தது.

சாவிக்காரரிடம் கவுனை அப்புறம் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன். பதினொன்றையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு இஸ்திரி மேஜைக்குப் போனேன். வாயைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும் என்றுதான் எனக்கே எதிர்பார்ப்பு. ஆனால் கையை நீட்டினேன், அவ்வளவுதான். அவர் பார்த்தார். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, ஸ்விட்சை அணைத்தார்.

"தூக்கிப் போடலை," என்றார். "எண்ணி வெச்சிருக்கேன். கோட்டு முடிஞ்சதும் தினம் ரெண்டு ரெண்டாப் போட்டுச் சரி பண்ணிடலாம்னு."

பாக்கி வேலையை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முடிக்கிற மாதிரி, பாக்கி மாத்திரையையும் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார் மனிதர். நூல்கண்டில் கடைசி நாலு முழம் மிச்சமிருந்தால்கூட எறியாமல் சுற்றி வைக்கிறவர் அப்படித்தான் நினைப்பார். வெள்ளை மாத்திரையை விடவே இல்லையாம், அதைத் தினமும் போட்டாராம். இரண்டும் ஒரே வேலைக்குத்தான் என்று நர்ஸம்மா சொன்னாரே, ஒரு வேலைக்கு இரண்டு ஆள் எதற்கு என்று ஒன்றுக்கு மட்டும் லீவு கொடுத்தாராம். விளக்கம் எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. நான் கேட்க வேண்டியதை மட்டும் கேட்டேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

அவர் கொஞ்ச நேரம் கோட்டின் காலரை நீவிக்கொண்டிருந்தார்.

"முடியலைன்னா உட்காருன்னு நீ சொன்ன. உட்கார்ந்துட்டா நான் என்னம்மா பண்ணுவேன்?"

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்து ஆறியிருப்பேன். நான் அரைமணி நேரத்தில் மறந்துபோன ஒரு பேச்சை அவர் பதினொரு நாளாக மனசில் வைத்துக்கொண்டு, என்னோடு உட்கார்ந்து வேலை செய்வதற்காகத் தன் உயிரை ஊசிமுனையில் வைத்திருக்கிறார். சுத்தமாக இருக்கிறது சுத்தமாக இருக்கிறது என்று நானும் பக்கத்தில் நின்று தம்பட்டம் அடித்திருக்கிறேன்.

மருந்துக்கடைக்காரருக்கு ஃபோன் செய்தேன். எப்போதும் இரண்டு வார்த்தைக்கு ஒரு சிரிப்பு சிரிக்கிறவர், அன்றைக்குச் சிரிக்கவில்லை. ஸ்டென்ட் வைத்து ஐந்து மாதம்தானே ஆகிறது, நீங்களாக எதையும் போட வேண்டாம், சேர்த்து இரண்டு மூன்று கொடுத்துவிடாதீர்கள், இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்றார். நெஞ்சில் வலியோ மூச்சுத் திணறலோ இருக்கிறதா என்று கேட்டார். நான் திரும்பி என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். இல்லை என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, நிஜமாகவே இல்லை என்று இன்னொரு தரம் சொன்னார்.

கடையைப் பூட்டும்போது எனக்குச் சாவி துவாரம் தெரியவில்லை. சாவிக்காரர் வந்து பூட்டிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் அவர் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். ஈசிஜி எடுக்க வேண்டும், ரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும், முடிவு தெரிய இரண்டு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். அதே பெஞ்சுதான். அவருடைய சட்டையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நான் ஓட்டிய தையல், அவர் வைத்த பட்டன். கை சும்மா இல்லாமல் நடுப் பட்டனைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது. எவ்வளவு இழுத்தும் அது அசையவில்லை. அந்தக் கம்பிக்குழாய்க்குள் இந்தப் பதினொரு நாளில் என்ன சேர்ந்திருக்கிறதோ, இப்போது அடைத்துக்கொண்டால் அதற்குக் காரணம் என் வாய்தான் என்று மட்டும் திரும்பத் திரும்ப ஓடியது. மகளுக்கு ஃபோன் செய்யக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டபோது அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஈசிஜியில் புதிதாக ஒன்றுமில்லை, ரத்தச் சோதனையும் நன்றாக இருக்கிறது, தப்பித்துக்கொண்டீர்கள் என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நர்ஸம்மா இழுத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அதன்பிறகு டாக்டரம்மா அவரைப் பிடித்துக்கொண்டார். நாற்பது வயதுகூட இருக்காது. எங்கள் மகளுக்கு அக்கா மாதிரி இருந்தார். வேறு ஏதாவது மருந்து எடுத்தீர்களா என்று கேட்க, இவர் இழுத்து இழுத்து, கழுத்துவலிக்கு வேறொரு கடையில் வலி மாத்திரை வாங்கி ஆறேழு போட்டதை ஒப்புக்கொண்டார். எனக்குத் தெரியாமல் ஒரு தனிக் குடித்தனமே நடத்தியிருக்கிறார். சில வலி மாத்திரைகள் இந்த மருந்தோடு சேர்ந்தால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கசியும், கேட்காமல் எதையும் வாங்கக்கூடாது என்றார் டாக்டரம்மா. பல் பிடுங்கப் போனால்கூட இந்த மாத்திரை எடுக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அவர்கள் நிறுத்தச் சொன்னாலும் எங்களைக் கேட்டுவிட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்றார்.

இவ்வளவும் சொல்லிக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரர் கண் டாக்டரம்மாவின் முகத்தில் இல்லை, அவர் கோட்டில் இருந்தது. உயிர் பிழைத்துப் பத்து நிமிஷம் ஆகவில்லை.

"உங்க ரெண்டாவது பட்டன் தொங்குதும்மா," என்றார். "ஒத்தை நூல்ல வெச்சிருக்காங்க."

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க எத்தனை நூல்ல வைப்பீங்க?"

"ரெட்டை நூல்."

"ஏன்? ஒண்ணு போதாதா?"

"ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு பிடிச்சுக்கும். ஒத்தை நூல் பாக்க நல்லாத்தான் இருக்கும். எப்ப விழும்னு சொல்ல முடியாது." பேசிக்கொண்டே வந்தவர் அங்கே நின்றுவிட்டார்.

"உங்களுக்கும் ரெட்டை நூல்லதான் வெச்சிருக்கோம்," என்றார் டாக்டரம்மா. "ரெண்டு மாத்திரையும் வேற வேற வழியில ரத்தத்தை ஒட்ட விடாம பாத்துக்குது. உள்ள இருக்கிற கம்பி மேல தோல் மூடி வர்ற வரைக்கும் ரெண்டும் வேணும். நீங்க ஒரு நூலை வெட்டி விட்டுட்டு, பட்டன் நல்லா இருக்குன்னு நடந்துட்டு இருந்திருக்கீங்க."

இருபத்தாறு வருஷத்தில் நான் சொன்ன எதுவும் அவருக்கு இப்படி உறைத்ததில்லை. தலையைக் குனிந்துகொண்டார். திரும்ப ஆரம்பிக்க வேண்டிய மாத்திரையை டாக்டரம்மா தன் கண் முன்னாலேயே கொடுத்து விழுங்க வைத்தார். இன்றைக்கு எவ்வளவு என்பது நான் பார்த்து முடிவு செய்தது, வீட்டில் வைத்து நீங்களாக ஒருநாளும் சேர்த்துப் போடக்கூடாது என்றார். ஒருவேளை காலையில் மறந்துவிட்டால், அன்றைக்கே ஞாபகம் வந்தால் போடலாம். மறுநாள் வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிட்டு வழக்கம்போல ஒன்றுதான். ஊசிக் குத்துக்குத் துணியை வைத்துப் பத்து நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக்கூடாது. அப்படியும் நிற்காவிட்டால், மலம் கறுப்பாகப் போனால், தலையில் அடிபட்டால் உடனே வர வேண்டும். விரலில் வருகிற ஒரு சொட்டுக்குப் பயந்து இதை நிறுத்தக்கூடாது.

கடைசியில் என் பக்கம் திரும்பி, எதற்காக நிறுத்தினார் என்று கேட்டார். பொய் சொல்ல மனசு வரவில்லை. டாக்டர் பிள்ளைகளுக்குத் தைக்கிற கோட்டில் கறை பட்டது, நான் திட்டினேன், அதனால் நிறுத்தினார் என்றேன். டாக்டரம்மா தன் கோட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டார். கறை துவைத்தால் போய்விடும் என்று மட்டும் சொன்னார். கிளம்புவதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் அந்தக் கோட்டை விடாப்பிடியாக வாங்கி, என் கைப்பையிலிருந்த ஊசி நூலால் அந்தப் பட்டனை ரெட்டை நூலில் வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்.

மறுநாள் நான் செய்த முதல் வேலை கல்லூரிக்குப் போனது. ஆபீஸ் அம்மாளிடம் இன்னும் பத்து நாள் வேண்டும் என்றேன். வகுப்பு தொடங்க மூன்று வாரம் இருக்கிறது, அதற்குள் வந்தால் போதும் என்று அவர் தலையைத் தூக்காமலே சொன்னார். இந்தப் பத்து நாளுக்காகவா என்று வழியெல்லாம் எனக்கு ஆற்றாமை. பட்டன் டப்பாவில் கிடந்த பதினொன்றையும் மருந்துக்கடையில் கொடுத்து அழிக்கச் சொல்லிவிட்டேன். இப்போது காலையில் அவர் மாத்திரை போடும்போது நான் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். வாயைத் திறந்து காட்டச் சொல்வதில்லை, அவ்வளவு மோசம் இல்லை நான். தண்ணீர் மட்டும் ஊற்றிக் கொடுக்கிறேன்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே சொல்லிவிட்டேன். "நீங்க உட்கார்ந்துட்டா எனக்குக் கடை வேண்டாம். அன்னிக்கு நான் சொன்னது வெறும் வாய்." தெரியும் என்றார். தெரிந்துமா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

நேற்று ஐம்பத்து மூன்றாவது கோட்டு. நான் மிஷினில் இருந்தேன். அவர் பக்கம் ஊசி சத்தமில்லாமல் போய் வந்துகொண்டிருந்தது. திடீரென்று நின்றது. தலையைத் தூக்கினால் அவர் இடது கையை மேஜைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு என்னைத் திருடன் மாதிரி பார்க்கிறார். எழுந்து போனேன். கோட்டின் மேல் பையில், வாய் மடிப்புக்குக் கீழே, சிவப்பாக ஒரு சொட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அகலமாகிக்கொண்டு வந்தது.

"இது போயிடும். நான் எடுத்துடறேன்," என்றார் அவசரமாக.

மேஜைக்கு அடியிலிருந்து கையை வெளியே இழுத்தேன். வெட்டுத்துணி ஒன்றை மடித்து விரலில் வைத்து, என் கைக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிஷம் ஆனதும் பார்க்கலாமா என்றார். கூடாது என்றேன். நாலு நிமிஷம் ஆனது. வெளியே சாவிக்காரர் அரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. பத்து நிமிஷம் முடிகிறவரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அந்த மேஜை ஓரத்தில் கையைப் பிடித்தபடி நின்றோம். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு நேரம் இவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் சும்மா நின்றதில்லை. அந்த விரலிலிருந்து ரத்தம் நிற்காமல் வந்ததே, அதில் எனக்கு வந்த நிம்மதியைச் சொன்னால் பைத்தியக்காரி என்பார்கள்.

பத்து நிமிஷம் ஆனதும் துணியை எடுத்தேன், நின்றிருந்தது. நூல்கண்டிலிருந்து ஒரு சாண் வெள்ளை நூலை அறுத்து அவர் வாயில் வைத்தேன்.

"மெல்லுங்க."

மென்றுகொண்டே என் முகத்தைப் பார்த்தார். "திட்டலையா?"

"வாயில நூலை வெச்சுக்கிட்டுப் பேசாதீங்க."

மென்ற நூலை எடுத்துச் சொட்டின்மேல் ஒற்றினார். மறுபடி ஒற்றினார். மூன்றாவது தடவைக்குக் கறை வெளுத்து, நான்காவதுக்குக் காணாமல் போனது. எனக்குத்தான் அது இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

சாயங்காலம் மகள் ஃபோன் செய்தாள். நடந்த எல்லாம் இப்போது அவளுக்குத் தெரியும், அதனால் காலியான அறையை நம்புவதில்லை, அதட்டித்தான் கேட்கிறாள். அப்பா நிஜமாவே மாத்திரை போட்டாரா, நீ பாத்தியா என்றாள்.

"போட்டார்டி," என்றேன். "கோட்டுல சொட்டு விழுந்துச்சு. நானே பாத்தேன்."